மரப்பட்டையில் படரும் மண்ணிற இலைக்கன்: சுரண்டுவதா, விடுவதா?

தம்பி, உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது. மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் அதைச் சுருக்கிச் சொல்கிறேன். நோர்வேயின் வடக்கில் இருக்கும் உங்கள் அண்ணன் ஒரு பேர்ச் மரத்தின் படம் அனுப்பியிருக்கிறார். தண்டின் மேல்பாதி முழுக்க மண்ணிறத்தில், சிறு சிறு இலைகளை ஒட்டி வைத்த மாதிரி ஒன்று படர்ந்திருக்கிறது, கீழ்ப்பாதியில் அது இல்லை. கைபேசிச் செயலி அதற்கு 'மெலனோஹாலியா ஒலிவேசியா' என்று பெயர் சொன்னது. அதே செயலியை நீங்கள் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் உங்கள் வளவிலுள்ள கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் பிடித்தபோதும் அதே பெயர்தான் வந்தது. மாமரம் இந்த இரண்டு வருடமாகச் சரியாகக் காய்க்கவில்லை. மருந்துக் கடைக்காரர் செம்பு மருந்து அடிக்கச் சொல்கிறார், பக்கத்து வீட்டு மாமா சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசச் சொல்கிறார், அம்மா மரத்தைத் தறித்துவிடலாமா என்று யோசிக்கிறார்.

தறிக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம், மருந்தும் அடிக்க வேண்டாம். அண்ணனின் மரத்தில் இருப்பது பெரும்பாலும் செயலி சொன்னதுதான். உங்கள் மரத்தில் இருப்பது அது இல்லை. இரண்டுமே இலைக்கன்கள் (ஆங்கிலத்தில் லைக்கன்), இரண்டுமே மரத்தைக் கொல்லாதவை. மாமரத்துக்கு ஏதோ குறை இருக்கலாம், ஆனால் அதற்கு இவற்றைக் குற்றம் சாட்ட முடியாது. இனி ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம். காரணம் தெரியாமல் 'செய்யாதே' என்று மட்டும் சொன்னால் அடுத்த மாரியில் யாராவது கத்தியோடு மரத்தடிக்குப் போவார்கள்.

இலைக்கனைப் பற்றி ஏ.எல். உயிரியலில் ஒரு பந்தி படித்திருப்பீர்கள்: பங்கசும் அல்காவும் சேர்ந்து வாழ்கிற ஒன்று என்று. அது சரிதான், ஆனால் அந்தப் பந்தி முக்கியமான இடத்தில் நின்றுவிடுகிறது. உடம்பைக் கட்டுவது பங்கசு. மேல்தோல், கீழ்த்தோல், பட்டையைப் பற்றிக்கொள்ளும் நார்கள் எல்லாம் பங்கசு இழைகள். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய அடுக்காக அல்காக் கலங்கள் இருக்கும். இந்த மண்ணிற இனங்களில் அது ட்ரெபூக்சியா என்ற பச்சை அல்கா. ஒளித்தொகுப்பு செய்து வெல்லம் உண்டாக்குவது அதுதான். பங்கசு அந்த வெல்லத்தில் வாழ்கிறது. ஆக, மரத்திடமிருந்து அதற்கு உணவு தேவையில்லை. தண்ணீர் மழையிலிருந்தும் பனித்துளியிலிருந்தும் காற்றின் ஈரத்திலிருந்தும் வருகிறது. கனியுப்புகள் மழைநீரிலும், பட்டை வழியே வழிந்து வருகிற நீரிலும், தூசியிலும் வருகின்றன. வேர் கிடையாது. பற்றுநார்கள் பட்டையின் செத்த வெளி அடுக்கோடு நின்றுவிடும், சாறு ஓடுகிற உள்பட்டை வரை போவதில்லை. மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம் மட்டும்தான்.

இது இரட்டை உயிர் என்று 1867இல் சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அன்றைய இலைக்கன் நிபுணர்களில் பலர் கோபப்பட்டார்கள். தாங்கள் வாழ்நாள் முழுக்கத் தனித் தாவரமாக நினைத்துப் படித்த ஒன்றை, பங்கசு அல்காவைச் சிறைபிடித்து வைத்திருக்கிற ஏற்பாடு என்று ஒருவர் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும். கடைசியில் ஷ்வெண்டனர் சொன்னதே நிலைத்தது. 2016இல் இன்னொரு ஆய்வு, பல இலைக்கன்களின் மேல்தோலில் மதுவம் வகைப் பங்கசு ஒன்றும் சேர்ந்து வாழ்கிறது என்று காட்டியது, அதனுடைய வேலை என்ன என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

சரி, அண்ணனின் மரத்துக்கு வருவோம். மெலனோஹாலியா ஒலிவேசியா வட துருவத்தைச் சுற்றியுள்ள நாடுகளில், முக்கியமாக பேர்ச் மரப் பட்டையில், வட்டமாகப் படரும் இலைவடிவ இலைக்கன். காய்ந்திருக்கும்போது ஒலிவ் கலந்த மண்ணிறம், ஓரத்தில் சற்றுப் பளபளப்பு. நனைந்தால் பச்சை தலைகாட்டும், ஏனென்றால் ஈரத்தில் மேல்தோல் ஒளி புகுவதாகி உள்ளே இருக்கிற அல்கா தெரிகிறது. அடிப்பக்கம் கடும் மண்ணிறம் அல்லது கறுப்பு. நடுவில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் மாதிரி நிறைய இருக்கும், அவைதான் பங்கசு வித்திகளை உண்டாக்கும் இடங்கள். அதன் சொந்தக்கார இனங்கள் சிலவற்றில் மேற்பரப்பு முழுக்கத் தூளோ, விரல் மாதிரியான நுண் முளைகளோ இருக்கும், உடைந்து விழுந்து புது இலைக்கனாக வளர அவை உதவும். ஒலிவேசியாவில் அவை இல்லை. கிண்ணங்களை நம்பித்தான் அது பரவுகிறது. படத்தில் கிண்ணங்கள் தெளிவாகத் தெரிகின்றன, தூள் இல்லை, பேர்ச் மரம், வட நோர்வே. இவ்வளவும் சேர்ந்து வருவதால்தான் செயலி சொன்னதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறேன். முழு நிச்சயத்துக்கு ஒரு துண்டை எடுத்து இரசாயனச் சோதனை பார்க்க வேண்டும்.

மண்ணிறம் எதனால் என்று கேட்டீர்கள். மேல்தோலில் சேர்கிற மெலனின் வகை நிறப்பொருளால். நம் தோலிலும் மெலனின்தான் இருக்கிறது. அங்கே அது அதிக வெளிச்சத்தையும் கழியூதாக் கதிரையும் வடிகட்டி, கீழே இருக்கிற அல்காவைக் காக்கிறது. அதனால்தான் ஒரே இனம் வெயில் படுகிற பக்கத்தில் கடும் மண்ணிறமாகவும் நிழலில் பச்சை கலந்தும் இருக்கும். மண்ணிறத்தைப் பார்த்து 'காய்ந்து செத்துப் போனது' என்று எண்ண வேண்டாம், அதன் இயல்பான நிறமே அதுதான்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தண்டின் கீழ்ப்பாதி ஏன் வெறுமையாக இருக்கிறது? யாரோ துடைத்துவிட்ட மாதிரி, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மண்ணிறம் நின்றுவிடுகிறது. அந்த உயரம்தான் அங்கே வழக்கமாகக் குளிர்காலத்தில் உறைபனி குவிகிற உயரம். ஸ்கண்டினேவியாவில் இதை ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். கோடையில் போய் பேர்ச் மரங்களில் இந்த மண்ணிறத்தின் கீழ் எல்லை எங்கே இருக்கிறது என்று அளந்தால், அந்த இடத்தில் குளிர்காலத்தில் பனி எவ்வளவு ஆழம் நிற்கும் என்று சொல்லிவிடலாம். எல்லைக்குக் கீழே வேறோர் இனம், பார்மெலியோப்சிஸ் அம்பிகுவா என்ற மஞ்சள் பச்சை இலைக்கன், பனிக்குள் கிடப்பதைப் பொறுத்துக்கொண்டு வாழும். அண்ணனிடம் சொல்லுங்கள், மரத்தடியில் குந்தியிருந்து பார்த்தால் அதுவும் தென்படலாம்.

ஏன் ஒலிவேசியா பனிக்குள் வாழாது? இதை வரவு செலவுக் கணக்காக யோசித்தால் இலைக்கனின் வாழ்க்கையே விளங்கிவிடும். ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து இருக்கிற நேரம் வரவு, ஒளித்தொகுப்பு நடக்கும். ஈரம் இருந்து வெளிச்சம் இல்லாத நேரம் செலவு, சுவாசம் நடக்கும், சேர்த்த வெல்லம் எரியும். காய்ந்து போனால் வரவும் இல்லை செலவும் இல்லை, கணக்குப் புத்தகத்தை மூடி வைத்த மாதிரி. உடம்பிலுள்ள நீரில் பெரும்பகுதியை இழந்து, மொறுமொறு என்று காய்ந்து கிடந்துவிட்டு, ஒரு தூறலில் சில நிமிடத்தில் உயிர்த்து வேலை தொடங்குகிற ஆற்றல் இலைக்கனுக்கு உண்டு. இலைக்கன் காய்வதால் சாவது அரிது. ஈரமாக, இருட்டில், நெடுநேரம் கிடப்பதுதான் அதைக் கரைக்கும். உறைபனிக்குள் மாதக்கணக்கில் அதுதான் நடக்கிறது: வெளிச்சம் உள்ளே வராது, ஈரம் போகாது. போதாததற்குப் பனிக்கு அடியில் வளர்கிற பங்கசுகளும் தாக்கும்.

இதே கணக்குத்தான் நம் ஊருக்கும். மட்டக்களப்பில் ஆண்டு மழை சுமார் 1,650 மில்லிமீற்றர், அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கிறது. கச்சான் வீசுகிற மாதங்களில் பட்டை எல்லாம் காய்ந்து சுடும். அந்தக் காய்ச்சலை இலைக்கன் தாங்கும். பிரச்சினை மாரி இரவுகளில். மழை பெய்து பட்டை நனைந்திருக்கும், இரவு வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்கு மேலேயே நிற்கும். சூட்டில் சுவாசம் வேகமாக நடக்கும், இரவு முழுக்கச் செலவு. காலையில் வெயில் ஏறிச் சீக்கிரமே காய்ந்துவிட்டால் வரவுக்கு நேரம் போதாது. அதனால் உலகம் முழுக்க வெப்பவலயத் தாழ்நிலங்களில் பெரிய இலைவடிவ இலைக்கன்கள் குறைவு, பட்டையோடு பட்டையாகப் பூசினது போல் ஒட்டியிருக்கிற மேலோட்டு வகைகள் அதிகம். இரவு குளிர்ந்து, மூடுபனி அடிக்கடி வருகிற மலைகளில் நிலைமை மாறும். நுவரெலியாவுக்கோ, 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிற ஹோட்டன் சமவெளிக்கோ போனால் மரக்கிளைகளில் தாடி மாதிரித் தொங்குகிற அஸ்னியாவும், கை அகலத்துக்கு விரிந்த இலைவடிவ வகைகளும் கண் நிறையக் கிடக்கும். மட்டக்களப்பிலிருந்து பதுளைப் பக்கம் மலையேறுகிற பஸ்ஸில் யன்னலோரம் இருந்தால், ஏற ஏற மரங்கள் தாடி வளர்க்கத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

ஆகவே ஒலிவேசியா களுவாஞ்சிகுடியில் இருக்க வழியில்லை. செயலி ஏன் அப்படிச் சொன்னது? அந்தச் செயலிகள் மக்கள் பதிவேற்றிய படங்களை வைத்துக் கற்றவை. இலைக்கன் படங்களில் மிகப் பெரும் பங்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தவை. நம் பக்கத்துப் படங்கள் சொற்பம். மாலை வெயிலில் மஞ்சளாக எடுத்த படம், கொஞ்சம் மங்கல், பட்டையில் வட்டம். அது தனக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிவிடுகிறது. செயலியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் மரங்களை நாமே படமெடுத்து, இடத்தையும் மரத்தின் பெயரையும் சரியாகக் குறித்துப் பதிவேற்றினால் இந்த நிலை மாறும். கிழக்கு மாகாணத்தில் இந்த வேலையைச் செய்யப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை, பொறுமை போதும்.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணன் பழைய புத்தகத்தில் தேடினால் வேறு பெயர்கள் கிடைக்கும், குழம்ப வேண்டாம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை லைக்கன் ஒலிவேசியஸ் என்றார், அவருக்கு எல்லா இலைக்கனும் ஒரே சாகியம், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே கூட்டம். பிறகு சுவீடனைச் சேர்ந்த எரிக் அக்காரியஸ் அதைப் பார்மெலியாவுக்கு மாற்றினார். 1978இல் மண்ணிற இனங்களைப் பிரித்து மெலனீலியா என்று தனிச் சாகியமாக்கினார்கள். 2004இல் மரபணு ஒப்பீட்டுக்குப் பிறகு அதுவும் உடைந்து மெலனெலிக்சியா, மெலனோஹாலியா என்று புதிய சாகியங்கள் வந்தன. அந்த 'ஹாலியா' அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வேலை செய்த மேசன் ஹேல் என்ற இலைக்கன் அறிஞரை நினைவுகூர்கிறது. அவர் 1990இல் காலமானார். இந்த மனிதருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு: இலங்கையின் தெலோட்ரிமேற்றேசி குடும்பத்து இலைக்கன்களை ஆராய்ந்து 1981இல் அவர் வெளியிட்ட நூல்வடிவக் கட்டுரையை இன்றும் இந்தத் துறையில் இறங்குகிறவர்கள் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த துவெய்ற்ஸ் இலங்கை இலைக்கன்களைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார். ஈரவலயக் காடுகளும் மலைகளும் இப்படிப் பலமுறை தேடப்பட்டிருக்கின்றன. நம் வாவிக்கரையும் கண்டலும் மருதமரங்களும் அந்த அளவு கவனம் பெறவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்படியானால் உங்கள் மாமரத்தில் இருப்பது என்ன? நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில், பட்டையோடு இறுக்கமாக ஒட்டிய, சாம்பல் பச்சை வட்டங்கள் தெரிகின்றன. ஓரத்தில் ஒடுங்கிய இதழ்கள், நுனியில் வெள்ளை மாப் பூசினது போல். இது பைக்சின் கோகோஸ் ஆக இருக்க நல்ல வாய்ப்பு. வெப்பவலயம் முழுக்கப் பரவியிருக்கிற இனம், பெயரிலேயே தென்னை ('கோகோஸ்') இருக்கிறது. இதே உருவத்தில் டிரினாரியா என்ற சாகியமும் நம் பக்க மரங்களில் வரும், வெறுங்கண்ணால் பிரிப்பது கஷ்டம். ஆனால் ஒரு வழி இருக்கிறது: கள்ளநோட்டுப் பார்க்கிற கழியூதா லைற்றை இருட்டிய பிறகு அதில் அடித்துப் பாருங்கள். பைக்சின் கோகோஸில் லைக்கெக்சாந்தோன் என்ற பொருள் இருப்பதால் அது மஞ்சளாக ஒளிரும். டிரினாரியாவில் அந்த மஞ்சள் ஒளிர்வு வராது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்யுங்கள், ஒரு முறை பார்த்தால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

நம் ஊர்ப் பட்டையில் உண்மையாகவே மண்ணிறமாகத் தெரிகிறவையும் இருக்கின்றன, அவற்றையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. செம்மண்ணிறத்தில், நுண்ணிய செதில்களை வரிசையாக அடுக்கினது போல, பட்டையில் ஒட்டி ஓடுகிறதா? அது ஃப்ருல்லானியா வகை ஈரலுருத் தாவரமாக இருக்கலாம், பாசிகளின் உறவு, அதுவும் தீங்கற்றது. கறுப்பு மண்ணிறத்தில் காய்ந்த கடதாசி மாதிரி இருந்து, மழையில் ஊதிக் களி மாதிரி ஆகிறதா? அது சயனோபற்றீரியாவோடு கூட்டு வைத்த கொலீமா, லெப்டோஜியம் வகை இலைக்கன். ஒரஞ்சும் துரு நிறமுமாக வெல்வெற் மாதிரிப் பூத்திருக்கிறதா? அது ட்ரென்டெபோலியா என்ற அல்கா, தனியாகவே வளரும், மதில்களிலும் பார்க்கலாம். இவை எதற்கும் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. தண்டின் அடியில், தட்டு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு, மேலே செம்மண்ணிறமும் ஓரத்தில் வெள்ளையுமாக, மரம் போலக் கெட்டியான ஒன்று வளர்ந்தால் அது கனோடெர்மா போன்ற மரத்தை உக்க வைக்கும் பங்கசு. அது மரத்துக்குள்ளே இருந்து வெளியே வருவது. வெளியே தெரிகிற போது உள்ளே ஏற்கனவே உக்கியிருக்கும். வீட்டுக்குச் சாய்ந்து நிற்கிற மரத்தில் அதைக் கண்டால் தாமதிக்காமல் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இலைக்கனைக் கண்டு பயந்து மருந்து வாங்குகிறவர்கள், இந்தத் தட்டைக் காளானைக் கண்டு 'அது சும்மா' என்று விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மாமரம் ஏன் காய்க்கவில்லை என்ற கேள்வி. இலைக்கன் கூடினதும் காய் குறைந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்புகிறேன், ஆனால் எது முன்னே எது பின்னே என்று திருப்பிப் பாருங்கள். மரம் நலம் குறைந்து இலை உதிர்த்தால், அடர்த்தி குறைந்த கொப்புகளுக்குள் வெயில் இறங்கும். வெயில் இறங்கினால் இலைக்கனுக்கு வரவு கூடும், அதுவரை கண்ணில் படாமல் இருந்தது பெருகித் தெரியும். தளிர் நன்றாக விட்டு வேகமாகப் பருக்கிற கொப்பில் பட்டை வெடித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், அங்கே இலைக்கன் நிலைப்பது கடினம். வளர்ச்சி மந்தமான கொப்பில் அதற்கு ஆறுதலான இடம். அது வளர்கிற வேகமோ வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கணக்கு. உங்கள் மரத்தில் இருக்கிற உள்ளங்கை அகல வட்டம் நேற்றைக்கு வந்ததில்லை, நீங்கள் கவனிக்கத் தொடங்கியது தான் புதிது. மரம் நன்றாகக் காய்த்த காலத்திலும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

அதனால் மரத்தைப் பாருங்கள். பூக்கும் காலத்தில் மழையோ மூடுபனியோ வந்து பூக்கொத்து கறுத்து உதிர்ந்ததா? அந்திரக்னோசு நோயில் அப்படித்தான் ஆகும், அது இலையிலும் பூவிலும் பிஞ்சிலும் கரும்புள்ளியாகத் தெரியும். தண்டில் துளை இருந்து மரத்தூள் கொட்டுகிறதா? துளைப்பான் புழு. கொப்பு நுனியிலிருந்து காய்ந்து கீழிறங்குகிறதா? நுனிக் கருகல், காய்ந்த இடத்துக்குக் கீழே பச்சைப் பகுதியோடு சேர்த்து வெட்டி எரிக்க வேண்டும். வெள்ளம் வந்து வேரடியில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றதா? வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணல் நிலத்தில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், ஆனால் உங்கள் வளவைச் சுற்றிப் புது மதில்கள் எழும்பியிருந்தால் வடிகிற வழி அடைபட்டிருக்கும். மணல் நிலத்தில் பசளையும் நிற்காது, மழையோடு கீழே இறங்கிவிடும், ஆகவே கூட்டெரு போட்டு மூடாக்கு இடுவது எந்த மருந்தையும் விடப் பயன் தரும். இதில் எது என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன், பிரதேச விவசாயப் போதனாசிரியரை ஒருமுறை வளவுக்கு வரச் சொல்லுங்கள்.

சுரண்டுவது ஏன் கூடாது? கத்தியால் வழிக்கும்போது இலைக்கன் மட்டும் வராது, பட்டையும் சேர்ந்து வரும். மாமரத்தில் அந்தக் காயம் வழியாகத்தான் பூச்சியும் நோய்ப் பங்கசும் உள்ளே போகும். ஒன்றும் செய்யாத ஒன்றை அகற்றி, கேடு செய்கிறவற்றுக்குக் கதவு திறந்து விடுகிற வேலை அது. செம்பு மருந்து அடித்தால் இலைக்கன் சாகும், உண்மைதான். ஆனால் செத்தது பட்டையிலேயே ஒட்டியிருக்கும், மரத்துக்கு ஒரு நன்மையும் வராது, செம்பு மண்ணில் தங்கி மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் கெடுதல் செய்யும், காசும் போகும். அந்திரக்னோசு இருக்கிறது என்று உறுதியானால் செம்பு மருந்துக்கு இடமுண்டு, அது வேறு கதை, அப்போது அடிக்க வேண்டியது பூவுக்கும் தளிருக்கும். சுண்ணாம்பு பூசுவது பழைய வழக்கம், இளம் மரத்தின் தண்டு வெயிலில் வெடிக்காமல் காக்க அது உதவும். இலைக்கனை ஒழிக்க என்று பூசத் தேவையில்லை.

இன்னொன்று. உங்கள் செய்தியில் 'இலைக்கன் இருந்தால் காற்று சுத்தம் என்று சொல்கிறார்களே, அது உண்மையா' என்று கேட்டிருந்தீர்கள். பாதி உண்மை. 1866இலேயே நைலாண்டர் என்ற பின்லாந்து அறிஞர், பாரிஸ் நகரத்தில் இலைக்கன்கள் அருகி வருவதையும் லக்சம்பேர்க் பூங்காவில் அவை தப்பியிருப்பதையும் கவனித்து எழுதினார். 1970இல் ஹோக்ஸ்வேர்த், ரோஸ் என்ற இருவர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்த இனங்கள் மரத்தில் இருக்கின்றன என்பதை வைத்தே காற்றிலுள்ள கந்தகவீரொட்சைட்டின் அளவைக் கணிக்கிற அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். இலைக்கனுக்கு இலைகளில் இருப்பது போன்ற மெழுகுத் தோலும் இல்லை, மூடித் திறக்கும் வாயும் இல்லை, காற்றில் வருகிறதை எல்லாம் உடம்பு முழுக்க உறிஞ்சும், கழித்து விடுவதற்கு இலை உதிர்ப்பும் கிடையாது. 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு நோர்வேயில் தரையில் வளர்கிற இலைக்கன்களில் கதிர்த்தொழிற்பாட்டுச் சீசியம் சேர்ந்து, அவற்றை மேய்ந்த கலைமான்களின் இறைச்சியில் ஏறி, கலைமான் மேய்க்கிற வட நோர்வேப் பழங்குடிகளான சாமி மக்களின் பிழைப்பையே உலுக்கியது இதனால்தான்.

ஆனால் எல்லா இனமும் ஒரே மாதிரி இல்லை. பைக்சின் கோகோஸ் மாசைத் தாங்குகிற இனம், இந்தியாவில் நகரச் சாலையோரங்களில் பார உலோகங்களை அளக்க அதையே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே மாமரத்தில் அது இருப்பதை வைத்துக் காற்றுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. எத்தனை விதமான இனம் இருக்கிறது, எது இருக்கிறது, எது இல்லாமல் போகிறது என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஆசிரியராக இருக்கிற உங்கள் தங்கச்சிக்கு ஒரு யோசனை: பிள்ளைகளைக் கொண்டு ஒரே வகை மரத்தை, தென்னையோ வேம்போ, பிரதான வீதியோரத்தில் சிலது, வாவிக்கரையில் சிலது, வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் பக்கம் சிலது என்று எடுத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஒரு சிறு கம்பிச் சட்டத்தை வைத்து, அதற்குள் எத்தனை விதம் என்று எண்ணச் சொல்லலாம். பெயர் தெரிய வேண்டும் என்றே இல்லை, நிறமும் உருவமும் வைத்துப் பிரித்தால் போதும். வீதியைப் பார்த்த பக்கத்தையும் மறுபக்கத்தையும் தனித்தனியாக எண்ண மறக்க வேண்டாம். ஆய்வுகூடத்தில் பயன்படுத்துகிற பாசிச்சாயத்தாளின் (லிட்மஸ்) சாயமும் மரபாக இலைக்கனிலிருந்து எடுத்ததுதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் ஆர்வம் வரும்.

இதைச் சமைக்கலாமா என்று கேட்டதற்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் செட்டிநாட்டுச் சமையலில் போடுகிற கல்பாசி ஓர் இலைக்கன்தான், அது மலைப்பக்கங்களில் எடுக்கிற பார்மோட்ரிமா இனம். உங்கள் மாமரத்தில் இருப்பது அது இல்லை. மேலே சொன்னது போல வீதித் தூசியையும் உலோகத்தையும் சேர்த்து வைத்திருக்கிற ஒன்றைச் சட்டிக்குள் போடாதீர்கள். கஷாயம் வைத்துக் குடித்தால் நல்லது என்று யாராவது அனுப்புகிற செய்தியையும் நம்ப வேண்டாம்.

கடைசியாகத் தென்னைகள். தண்டில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருப்பது என்ன நோய் என்று கேட்டிருந்தீர்கள். அவையும் இலைக்கன்தான், மேலோட்டு வகை, தென்னைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் படத்தின் இடது ஓரத்தில் நிற்கிற தென்னையில், தண்டின் வெடிப்பிலிருந்து செம்மண்ணிறத்தில் ஏதோ கசிந்து, கீழே வழிந்து கறுத்துக் காய்ந்த மாதிரி ஒரு கோடு தெரிகிறது. அது இலைக்கன் இல்லை. தண்டுக் கசிவு நோயாக இருக்கலாம், அல்லது சிவப்புக் கூன்வண்டின் புழு உள்ளே குடைவதாக இருக்கலாம். காதை வைத்துக் கேட்டால் சில நேரம் அரைக்கிற சத்தம் கேட்கும், துளையில் நார்த்தூள் இருக்கும். மாமரத்தை விட்டுவிட்டு, இந்தக் கிழமைக்குள் தென்னைப் பயிர்ச்செய்கை உத்தியோகத்தர் ஒருவருக்கு அந்த மரத்தைக் காட்டுங்கள்.